கோபுரம் நின்றால் கூடையும் நிறையும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன நவராத்திரிக்கு நம்ம குழுக்களில் இருந்து சிலர் சென்னை மயிலாப்பூருக்குப் போய் வந்தோம். "கோயில் பார்க்கவா, வியாபாரம் பார்க்கவா?" என்று பஸ்ஸிலேயே கேலி. ரெண்டும் ஒண்ணுதான் என்று அங்கே போனதும் புரிந்தது.

கபாலீஸ்வரர் கோயில் பக்கத்தில் வடக்கு மாட வீதி முழுக்கக் கொலு பொம்மைகள். எல்லாம் பண்ருட்டி, காஞ்சிபுரம், மதுரை விளாச்சேரி மாதிரி ஊர்களில் மண் பிசைந்து செய்தவை. விற்பது பட்டணத்தில், உழைப்பு கிராமத்தில்!

ஒரு குடும்பம் கோயிலுக்கு வந்தால் ஆட்டோ, பூ, தேங்காய், டிபன், பொம்மை என்று எத்தனை கைக்குக் காசு போகிறது, எண்ணிப் பாருங்கள். பங்குனியில் அறுபத்து மூவர் திருவிழா அன்று அந்த வீதிகளில் கால் வைக்க இடம் இருக்காது.

அப்போ கோயிலைப் பராமரிக்கப் பணம்? அது அறநிலையத் துறையின் கீழ் உள்ள கோயில். உண்டியல், வாடகை, நன்கொடை எல்லாம் சேர்ந்துதான் செலவு நடக்கிறது. 2016-ல் கும்பாபிஷேகம் நடந்தது. மாமல்லபுரம் வேறு மாதிரி. 1984-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அந்தச் சிற்பங்களை மத்தியத் தொல்லியல் துறை பார்த்துக்கொள்கிறது, பார்க்க டிக்கெட் உண்டு. "பழைய கல்லுக்கு இவ்வளவு செலவா?" என்று சிலர் கேட்கிறார்கள். கறவை மாட்டுக்குத் தீவனம் போடாமல் பால் மட்டும் கறக்க முடியுமா?

ஆனால் ஒரு விஷயம். நம்ம குழுப் பெண்கள் இரண்டு பேர் உள்கடன் வாங்கி, தாம்பூலம் வைத்துக் கொடுக்கப் பனை ஓலைப் பெட்டி பின்னி எடுத்து வந்திருந்தார்கள். துணி விரித்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, எழுந்திருக்கச் சொல்லிவிட்டார்கள். பாதிப் பெட்டி ஊருக்கே திரும்பி வந்தது. கடன் தவணை இன்னும் பாக்கி இருக்கிறது.

இதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? தெருவோர வியாபாரிகளுக்கு 2014-ல் சட்டம் வந்தது. வியாபாரிக்குச் சான்றிதழ் தர வேண்டும். நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகள் இடம்பெற வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். 50 வருஷத்துக்கு மேல் வியாபாரம் நடக்கும் இயல்பான சந்தையைப் பாரம்பரியச் சந்தை என்று அறிவிக்க வேண்டும், அங்கே விற்பவர்களை இடம் மாற்றக் கூடாது என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. கோபுரம் மட்டும் பாரம்பரியம் இல்லை, அதன் நிழலில் கூடை வைத்து விற்கிறவர்களும் பாரம்பரியம்தான். கோயிலைச் சுற்றி அழகுபடுத்தப் பணம் ஒதுக்கும்போது அவர்களுக்கும் இடம் ஒதுக்கணும்.

நாம் அங்கே புதுசு, சான்றிதழும் இல்லை. அதனால் அந்த வீதியில் பல வருஷமாக விற்கும் அக்காக்களோடு போட்டி வேண்டாம், கூட்டு வேண்டும். ஆவணி மாதமே மாதிரிப் பெட்டியோடு போய்ப் பேசுவோம். ஆர்டரும் முன்பணமும் கையில் வந்த பிறகு ஓலை வாங்குவோம். கடன் வாங்கிய அந்த இரண்டு சகோதரிகளின் பெட்டியைத்தான் முதலில் காட்டணும்.

யார் யார் வருகிறீர்கள்? இன்றைக்கே உங்கள் ஊக்குநரிடம் பெயர் கொடுங்கள்.