கோலம் இல்லாத வாசல்

மயிலாப்பூரில், கபாலீசுவரர் கோயில் மாட வீதிகளை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் வீடு. போன மார்கழியில் பதினைந்து நாளுக்குள் அந்தச் சந்தில் மூன்று திருட்டு. மூன்றும் பூட்டிக் கிடந்த வீடுகள்.

ஒரு வீட்டில் கடப்பாரைக்கு வேலையே வைக்கவில்லை. வாசல் சாவி மீட்டர் பெட்டிக்குள், பீரோ சாவி மெத்தைக்கு அடியில். அரிசி டிரம்மைக்கூடக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறான். அரிசிக்குள் நகையை ஒளிப்பது நம் பாட்டிமார் ரகசியம். திருடனுக்கும் பாட்டி இருந்திருப்பாள் அல்லவா?

விசாரிக்க வந்த ஏட்டு தெருவை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "மார்கழி மாசம், எல்லா வாசல்லயும் கோலம். இந்த வாசல்ல மட்டும் நாலு நாளா இல்ல. நோட்டம் பாக்க வர்றவனுக்கு இதுக்கு மேல என்ன சார் வேணும்?"

அன்று சாயங்காலம் தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் கூடினோம். கேமரா வைக்கலாம் என்றார் ஒருவர். சென்னைப் போலீஸ் 'மூன்றாவது கண்' என்று சொல்லித் தெருத்தெருவாகக் கேமரா வைக்கச் சொன்னது நினைவிருக்கும். எங்கள் தெருவிலும் ஒன்று இருந்தது. அதில் பதிவானது குல்லாவும் மப்ளருமாக ஓர் உருவம். மார்கழி விடியற்காலையில் மயிலாப்பூரில் குல்லா, மப்ளர் இல்லாமல் யார் நடக்கிறார்கள்? கேமரா வேண்டாம் என்று சொல்லவில்லை. அது சாட்சி சொல்லும், "யாருப்பா, யார் வேணும்?" என்று கேட்காது.

பிறகு பேச்சு போகக் கூடாத இடத்துக்குப் போனது. "அந்த இஸ்திரி வண்டிக்காரருக்குத்தான் யார் யார் ஊரில் இல்லை என்பது தெரியும்" என்றது ஒரு குரல். இருபது வருஷமாக வேப்ப மரத்தடியில் நிற்கிறவர். மறுநாள் அவரிடமே போய்ப் பேச்சுக் கொடுத்தோம். "ஒரு பைக்கு ரெண்டு மூணு தடவை மெதுவா சுத்திட்டுப் போச்சு சார். யார்கிட்ட போய்ச் சொல்றது?" என்றார். எங்களில் ஒருவர் நம்பர்கூட அவரிடம் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது எல்லோர் நம்பரும் அவர் வண்டியில் ஒட்டியிருக்கிறது. ஊருக்குப் போகிறவர்கள் தேதியையும் முகவரியையும் எழுதிக் காவல் நிலையத்தில் கொடுத்துவிடுகிறோம். இரவு ரோந்து வருகிறவர்கள் அந்த வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறார்கள். இன்னொன்றும் தெரிந்துகொண்டோம். புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகலைக் காசில்லாமல் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அதைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். திருட்டு நகை அகப்பட்டாலும் கோர்ட்டில் மனுப் போட்டுத்தான் திரும்பப் பெற வேண்டியிருக்கும்; அப்போது நகைக்கடை ரசீதைத் தேடி அலையாமல் இருந்தால் நல்லது.

பூட்டிய வீட்டு வாசலில் பக்கத்து வீட்டார் தண்ணீர் தெளித்துக் கோலம் போட வேண்டும் என்பது பெண்கள் செய்த ஏற்பாடு. போன வாரம் நாங்கள் திருச்சி போய்த் திரும்பினோம். வாசலில் பளிச்சென்று புள்ளிக் கோலம். என் மனைவி பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"ரெண்டாவது வரிசையில ஒரு புள்ளி குறையுது" என்றாள்.