சோதித்து வாங்குவோம்

தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வாளியில் கொண்டுவந்த பாலைக் கிராணியார் அப்படியே கணக்கில் எழுதிவிட மாட்டார். நிறுப்பார், தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சோதிப்பார். ஏமாற்று ஒரு வாளியில் இருந்தாலும் நட்டம் எல்லாருக்கும்தானே?

இணையத்தளத்துக்கும் இதே நியதிதான். இன்று சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் நம் பிள்ளைகள் கடைகளுக்கும் கோயில்களுக்கும் இணையத்தளம் அமைத்துக் கொடுக்கிறார்கள். வேர்ட்பிரஸ் என்னும் இலவச மென்பொருளில் அதை அமைத்து, வேண்டிய வசதிகளுக்குப் பிளக்-இன் என்னும் சிறு நிரல்களைச் சேர்க்கிறார்கள். ஒன்று பெயர்ப் பதிவுப் படிவத்தைக் காட்டும். இன்னொன்று படங்களை ஏற்றும்.

இங்கேதான் ஆபத்து. பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் திருடன் கணினிக் கட்டளையை எழுதுவான். பிளக்-இன் அதைச் சோதிக்காமல் உள்ளே அனுப்பினால், கணினி அதைப் பெயராகக் கொள்ளாமல் கட்டளையாகவே நிறைவேற்றும். அங்கே சேர்த்து வைத்த அடையாளக் கார்டு எண்களும் தொலைபேசி எண்களும் அவன் கைக்குப் போய்விடும். பிறகு, வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி உங்களையே அழைப்பான்.

2020ஆம் ஆண்டில் நடந்ததைக் கேளுங்கள். பைல் மேனேஜர் என்ற பிளக்-இன் உலகெங்கும் 7 லட்சத்துக்கும் அதிகமான தளங்களில் இருந்தது. அதிலிருந்த ஒரு கோப்பு, வந்தவர் யாரென்று கேளாமல், கடவுச்சொல்லும் கேளாமல், வெளியார் அனுப்பிய நிரலை ஏற்றுக்கொண்டது. செப்டம்பர் 1ஆம் தேதி திருத்திய 6.9 பதிப்பு வெளிவந்தது. திருத்தாமல் விட்ட தளங்களைத் திருடர்கள் தேடித் தேடித் தாக்கினார்கள்.

ஆகவே இளைஞர்களே, திருத்திய பதிப்பு வந்ததும் அன்றே போடுங்கள். பயன்படாத பிளக்-இன்னை நீக்கிவிடுங்கள்.

பெற்றோர்களே, திருவிழாவுக்குப் பெயர் கொடுக்க அடையாளக் கார்டு எண் எதற்கு என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அன்று. ஆசிரியர்களாகிய நாங்களும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திர எண்ணை இணையப் படிவத்தில் யோசிக்காமல் கேட்டு வந்தோம். ஒரு தாயார் காரணம் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அன்றே அந்தக் கட்டத்தை நீக்கினோம். சேர்த்து வைக்காததை யாரும் திருட முடியாது.

ஏமாந்து பணம் பறிபோனால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 997 என்ற எண்ணை அழையுங்கள்.