காற்றாலையும் அது நிற்கும் இடமும்
(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய பொழிவு)

 

காற்றாலை வேண்டுமா, வேண்டாவா என்று வழக்காட நான் இங்கு நிற்கவில்லை. நிலக்கரிப் புகை வானைக் கெடுக்கும் இந்நாளில், புகையின்றி மின்னாற்றல் தரும் காற்றாலை வேண்டற்பாலதே. ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றைக் கொண்டு சுழலும் முப்பந்தல் ஆலைகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். என் வினா வேறு. ஆலையை எங்கே நடுவது? அவ்விடத்தை முடிவு செய்வது யார்?

காற்றாலை வெறுங் கம்பமன்று. அதன் அடியில் பெரும்பள்ளம் தோண்டிக் கற்காரை கொட்டுவர். 50 மீட்டரையும் விஞ்சும் இறக்கைகளைக் கொண்டுசெல்ல அகன்ற சாலை இடுவர். ஆலை நிற்குமிடம் சிறிது. அது மாற்றும் நிலமோ பெரிது.

அம்மாற்றம் எத்தகையது? மராட்டியத்தின் சாத்தாரா மாவட்டத்துச் சால்கேவாடி மேட்டுநிலத்தை ஆராய்ந்த பெங்களூர் அறிவியலாளர், 2018இல் தம் முடிவை வெளியிட்டனர். ஆலைகள் சுழலும் பகுதியில் வேட்டைப் பறவைகள், ஆலையற்ற பகுதியில் இருப்பனவற்றுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே இருந்தன. பறவை விலகவே, அதற்கு இரையான ஓணான் வகை பெருகிற்று. பெருகியவை உடல் மெலிந்தன. பகைக்கு அஞ்சி ஓடும் இயல்பும் குறைந்தன. இறக்கையில் அடிபட்டு வீழ்ந்த பறவையை எண்ணிவிடலாம். அறுந்துபோன உயிர்த்தொடரை எவ்வாறு எண்ணுவது?

இனி, நம் உறவு வாழும் மன்னார்த் தீவுக்கு வருவோம். நடு ஆசியாவிலிருந்து தெற்கே வலசை வரும் பறவைகளுக்கு அத்தீவும் அதனை அடுத்த வங்காலை நீர்நிலமும் தங்குமிடம். பூநாரைகள் கூட்டங்கூட்டமாய் வந்திறங்கும் இடம் அது. அத்தீவின் தென்கரையில் 30 ஆலைகள், 100 மெகாவாட்டு ஆற்றலுடன், 2020 திசம்பரில் தொடங்கப் பெற்றன. தாழ்ந்த மணல்நிலத்தில் மேடிட்ட சாலைகள் மழைநீரின் போக்கை மறிப்பதாகவும், தம் குடியிருப்புகளில் வெள்ளம் தேங்குவதாகவும் அங்குள்ளோர் முறையிட்டனர். மேலும் ஆலைகள் வரவிருந்தபோது, 2025 ஆகத்தில் மக்கள் தெருவில் இறங்கி மறித்தனர்; அரசும் பணியை ஒரு திங்கள் நிறுத்தி வைக்க நேர்ந்தது.

அவர்களை முன்னேற்றத்தின் பகைவர் எனப் பழிப்பது எளிது. ஆனால், மழைநீர் எவ்வழி ஓடும், பறவை எத்திங்களில் எவ்வழி பறக்கும் என்பதை அம்மண்ணில் பிறந்த மீனவனைவிட நன்கறிந்தவர் யார்? அவனைக் கேளாமல் தலைநகரில் வரைந்த படத்தில் மக்களும் இல்லை, பறவையும் இல்லை.

நாம் கேட்பது அரிதன்று. முதலாவது, வலசைக் காலம் முழுதும், இரவும் பகலும், பறவை வழியை ஆராய்ந்த பின்னரே இடம் குறிக்க. இரண்டாவது, நீரோட்டத்தை அளந்த பின்னரே சாலை இடுக. மூன்றாவது, குடியிருப்புக்கும் ஆலைக்கும் தக்க இடைவெளி விடுக. இரைச்சல் குறித்து 500 மீட்டர் விடுமாறு இந்திய ஒன்றிய அரசின் 2016ஆம் ஆண்டு நெறிமுறையே கூறுகின்றது. நான்காவது, பறவை பெருகக் கடக்கும் வேளையில் ஆலையை நிறுத்துக. இவை யாவற்றிற்கும் மேலாக, அம்மண்ணின் மக்கள் இசைவைப் பெறுக.

இவற்றால் சிறிது காலமும் பொருளும் கூடுதலாகும்; உண்மையே. ஆயினும், தவறான இடத்தில் நட்ட ஆலையைப் பின்னர்ப் பெயர்த்து நடல் அரிது. நீங்கிய பறவையை மீட்டல் அதனினும் அரிது. காற்று எல்லார்க்கும் பொது. அதன் பயன் ஊரெங்கும் சென்று, அதன் துன்பம் மட்டும் ஒரு சிற்றூரின் தலையில் விழுமாயின், அது நயன்மையாகாது.