லச்மியா கொண்டுவந்த தண்ணீர்

சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் யார் புதிதாகக் குடிவந்தாலும் அக்கம்பக்கத்தில் முதலில் கேட்பது, "உங்களுக்கு எந்த ஊர்?" என்றுதான். "இங்கேதான்" என்றால் விடமாட்டார்கள். "அது சரி, சொந்த ஊர்?" முப்பது வருஷம் இங்கே வீட்டு வரி கட்டியவருக்கும் இதே கேள்விதான். அவரும் சளைக்காமல் திருநெல்வேலிப் பக்கம், திருவண்ணாமலைப் பக்கம் என்று ஏதாவது சொல்லிவைப்பார்.

அந்தக் கேள்வி காதில் இருக்கும்போதே ஒரு நாவலைப் படித்தேன். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, பீச் ஸ்டேஷன் வரும்வரை போகவர வாசிப்பு. ரவீந்திரநாத் தாகூரின் 'கோரா'. 'பிரபாசி' என்ற வங்கப் பத்திரிகையில் 1907இல் தொடராக ஆரம்பித்து, 1910இல் புத்தகமாக வந்தது. பிரம்ம சமாஜமா, இந்து ஆசாரமா, தேசமா என்று பக்கம் பக்கமாக வாதம் நடக்கும். உண்மையைச் சொன்னால், பல்லாவரத்துக்கும் கிண்டிக்கும் நடுவில் சில வாதங்களைத் தாண்டித்தான் போனேன். கோராவின் அம்மா ஆனந்தமயி வரும் இடங்களில் மட்டும் ஒரு வரி விடவில்லை.

1857 சிப்பாய்க் கலவர நேரம். எட்டாவாவில் கிருஷ்ணதயாள் என்பவர் வீட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெண் அடைக்கலம் புகுகிறாள். ஐரிஷ்காரனான அவள் புருஷன் சண்டையில் செத்துவிட்டான். ஓர் ஆண்குழந்தையைப் பெற்றுப் போட்டுவிட்டு அவளும் கண்ணை மூடுகிறாள். பாதிரியாரிடம் கொடுத்துவிடலாம் என்கிறார் கிருஷ்ணதயாள். அவர் மனைவி ஆனந்தமயி மறுத்துவிடுகிறாள். பிள்ளை இல்லாதவள், மடிக்கு வந்ததை விடுவாளா? அந்தக் குழந்தைதான் கோரா. வளர்ந்து பெரிய ஆசாரக்காரன் ஆகிறான். தன் பிறப்பு அவனுக்குத் தெரியாது. நமக்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

அவன் அம்மா அறையில் சாப்பிட மாட்டான். காரணம் லச்மியா. ஆனந்தமயியிடம் வேலை செய்யும் கிறிஸ்தவப் பெண். அவள் கைத் தண்ணீரை அம்மா குடிக்கிறாள் என்பது பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. அம்மா நினைவுபடுத்துகிறாள்: சின்ன வயசில் லச்மியா அரைத்த சட்னி இல்லாமல் உனக்குச் சோறு இறங்காதே, அம்மை போட்டு நீ பிழைத்ததே அவள் கைப்பக்குவத்தால்தானே என்று. அவளுக்கு நிலம் வாங்கிக் கொடுங்கள், பென்ஷன் கொடுங்கள், வீட்டில் மட்டும் வேண்டாம் என்கிறான் மகன். படிக்கும்போது சிரிப்பு வருகிறது, கூடவே வயிற்றைப் பிசைகிறது.

இந்த ஆனந்தமயி ஆரம்பத்திலிருந்தே இப்படி இருந்தவள் இல்லை. காசியில் பண்டிதர் குடும்பத்தில் மடியாக வளர்ந்தவள், தினமும் சிவபூஜை செய்தவள். குழந்தையை மடியில் வாங்கிய நாளோடு அவளுடைய ஆசாரம் போயிற்று. கைக்குழந்தையைத் தூக்கிப் பார்த்தால் ஜாதியோடு யாரும் பிறப்பதில்லை என்பது தெரிந்துவிடும் என்கிறாள். தத்து என்றால் குழந்தை நம் வீட்டுக்கு வருகிறது என்றுதானே நினைக்கிறோம்? இங்கே அம்மா தன் வீட்டை விட்டு, தன் குலத்தை விட்டு, குழந்தை இருக்கும் இடத்துக்குப் போகிறாள். எனக்கு இந்த நாவல் இதுதான். பிள்ளை யாருடையவன் என்று எல்லாரும் கேட்கிறார்கள், தாகூர் தாய் என்ன ஆனாள் என்று பார்க்கிறார்.

நம் வழக்கில் சுவீகாரம் என்றாலே கொள்ளி வைக்க, சொத்தைக் கட்டிக்காக்க ஓர் ஆண்பிள்ளை. 1956ஆம் வருஷத்துச் சட்டம்தான் பெண்குழந்தையையும் தத்தெடுக்கலாம் என்றது. அதிலும், புருஷனோடு இருக்கும் பெண் தானாகத் தத்தெடுக்க முடியாது. அவன் எடுப்பான், இவள் சம்மதம் சொல்வாள். இது மாறியது 2010இல். ஆனந்தமயி பாவம், எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டிருக்க முடியாது.

'மணிமேகலை'யில் ஆபுத்திரன் கதை இருக்கிறது. தாய் விட்டுப்போன சிசு, ஏழு நாள் ஒரு பசு பால் கொடுத்துக் காக்கிறது. இளம்பூதி என்ற அந்தணர் எடுத்து வளர்த்து வேதம் சொல்லிக்கொடுக்கிறார். பிறப்பு வெளியே தெரிந்ததும் ஊர் துரத்துகிறது, வளர்த்த அப்பாவும் வீட்டைவிட்டு விரட்டுகிறார். அந்த வீட்டில் ஓர் ஆனந்தமயி இருந்திருந்தால் அவன் வீட்டிலேயே இருந்திருப்பான், பசி தீர்க்கும் அமுதசுரபிப் பாத்திரம் அவன் கைக்கு வந்திருக்குமோ என்னவோ!

நம் காலத்துக்கு வந்தால், 2002இல் வந்த மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்'. தத்தெடுக்க வேண்டுமென்றால் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும் என்பதால், குழந்தையை எடுக்க நினைப்பவருக்கு அதற்காகவே இந்திரா என்ற பெண் மனைவியாகிறாள். அந்தப் படத்தில் எனக்கு முக்கியம் அதுதான். போர்க்காட்சிகள் அப்புறம்.

எங்கள் தாம்பரத்திலேயே எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமம் இருக்கிறது. 1949இல் ஆஸ்திரியாவில் ஹெர்மன் க்மைனர் தொடங்கிய ஏற்பாடு இது. விடுதி மாதிரி வார்டு கிடையாது. தனித்தனி வீடு, வீட்டுக்கு ஓர் அம்மா, அவளைச் சுற்றிப் பிள்ளைகள். சம்பளம் வாங்கும் அம்மா என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால், அவர்களுக்கு ஆனந்தமயியைப் படிக்கக் கொடுக்கலாம்.

நாவலில் எனக்குக் குறையும் உண்டு. கோரா தன்னைவிட்டுப் போய்விடுவானோ என்ற பயத்தில் அவள் இத்தனை வருஷம் உண்மையை மறைக்கிறாள். அந்தப் பயத்துக்குள் தாகூர் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கலாம். பெற்றவளும் சில வரிகளில் வந்து போய்விடுகிறாள். கடைசியில், சாகக் கிடப்பதாக நினைத்த கிருஷ்ணதயாள், இவன் தனக்குக் கர்மம் செய்யக் கூடாது என்பதற்காகவே உண்மையை உடைக்கிறார். கோரா ஓடிவந்து அம்மாவிடம், நீதான் என் பாரதம் என்கிறான். இந்த இடம் எனக்கு ஒட்டவில்லை. அத்தனை பக்கம் சமையலும் பரிவுமாக நடமாடிய ஒரு பெண்ணைத் திடீரென்று வரைபடமாக்கிவிட்டாரே என்றிருந்தது.

நல்லவேளையாக அவன் இன்னொன்றும் சொல்கிறான்: லச்மியாவைக் கூப்பிட்டு ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொல் என்று. கிண்டி ஸ்டேஷனில் கூட்டம் ஏறி நெருக்கும்போது இந்த வரியைப் படித்தேன். புத்தகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு ஆனந்தமயி பெரிதாக எதுவும் பதில் சொல்வதில்லை. பினய் என்று கோராவுக்கு ஒரு சிநேகிதன், தாயில்லாப் பிள்ளை, அவளிடமே ஒட்டிக்கொண்டு வளர்ந்தவன். கோரா கோபித்துக்கொண்டபோதும் பினயின் கல்யாணத்துக்குக் கூட நின்றவள் இவள்தான். இப்போது அவள் கேட்பதெல்லாம், பினயைக் கூப்பிட்டு அனுப்பட்டுமா என்றுதான்.