நாலு இதழ், ஆறு தாள்

வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில், மரங்கள் தளிர்விடும் முன்பே தரையில் ஒரு வெள்ளைப் பூ தலைகாட்டும். பெயர் டூத்வர்ட், கடுகுக் குடும்பம். எப்படித் தெரியும்? இதழ்களை எண்ணுங்கள், நான்கு. உள்ளே மகரந்தத் தாள்கள் ஆறு: நான்கு நெட்டை, இரண்டு குட்டை. நம்மூர்க் கடுகுப் பூவிலும் இதே கணக்குதான்.

இது குடும்ப அடையாளம் மட்டுமே. ஆளைக் காட்டிக்கொடுப்பது இலை: பெரும்பாலும் தண்டில் ஒரே மட்டத்தில் மூன்று, ஆழமாகப் பிளந்து, விளிம்பெல்லாம் பல் பல்லாக இருக்கும். மண்ணுக்குள் உறைப்பான கிழங்கு. ஆண்டுதோறும் அதிலிருந்தே துளிர்க்கும்.

மேற்கு வர்ஜீனியா வெள்ளை என்ற பட்டாம்பூச்சி இந்தச் செடியில் முட்டையிடும். ஐரோப்பாவிலிருந்து வந்த பூண்டுக்கடுகும் அதே குடும்பம்தான். பாவம், ஏமாந்து அதில் முட்டையிட்டால் புழுக்கள் பிழைப்பதில்லை. அதனால் அங்கே பூண்டுக்கடுகைப் பிடுங்குகிறார்கள். பிடுங்குமுன் இலையைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் பூ வெள்ளை, இதழ் நான்கு!