திருத்தம் நிறுவியாயிற்று, மறுதொடக்கம் எப்போது?

(கடலூர் மாவட்டக் கணினி ஆசிரியர்களுக்குச் சிதம்பரத்தில் நடைபெற்ற பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



எங்கள் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒருநாள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் இணையவழி வினாடி வினாவுக்கு விடையளித்துக் கொண்டிருந்தார்கள். பாதி வினாக்கள் முடிந்த நேரம். மூன்று கணினிகள் ஒன்றன்பின் ஒன்றாக மறுதொடக்கம் ஆகத் தொடங்கின. "சார், நான் எதையும் தொடலை சார்" என்று ஒரு மாணவி அழுதுவிட்டாள். அவள்மீது தவறில்லை. பாதுகாப்புத் திருத்தம் தானாக நிறுவப்பட்டு, கணினி தானாகவே மறுதொடக்கம் ஆனது. அதற்கு முந்தைய நாள்களில் அறிவிப்பு வந்தபோதெல்லாம் 'பிறகு' என்று அழுத்தி வந்தவன் நான்தான்.

அன்றைய கோபத்தில் தானியங்கிப் புதுப்பித்தலையே நிறுத்திவிட நினைத்தேன். அது இன்னும் பெரிய தவறாகியிருக்கும். விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2017 மார்ச் 14 அன்று திருத்தம் வெளியிட்டது. மே 12 அன்று அதே ஓட்டை வழியாக 'வானாக்ரை' நுழைந்து உலகெங்கும் கணினிகளை முடக்கியது. இடையில் ஏறத்தாழ இரண்டு மாத அவகாசம் இருந்தது.

திருத்தத்தை நிறுவுவது பாதி வேலைதான். நிரல் வட்டில் இருக்கிறது. இயங்கும்போது அதன் பிரதி நினைவகத்தில் ஏறுகிறது. திருத்தம் மாற்றுவது வட்டில் உள்ளதை. வினாத்தாளில் பிழை கண்டு அலுவலகப் பிரதியில் மட்டும் திருத்தினால், தேர்வறையில் மாணவர் கையில் இருப்பது பழைய தாள்தானே? அதுபோலத்தான் இதுவும். 2014இல் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் 'ஹார்ட்பிளீட்' குறை தெரியவந்தபோது, திருத்திய கோப்பை நிறுவினாலும் அதைப் பயன்படுத்தும் சேவைகளை மறுதொடக்கம் செய்யும்வரை ஆபத்து நீடித்தது. அதற்குச் சேவைகளை மறுதொடக்கம் செய்தாலே போதும். கணினியையே மறுதொடக்கம் செய்யத் தேவையில்லை. திருத்தம் இயக்க அமைப்பின் கருவான கெர்னலுக்கு என்றால், பொதுவாகக் கணினியையே மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

மின்வாரியத்தைப் பாருங்கள். ஒரு தெருவில் பழுது என்றால் அந்தத் தெருவுக்கு மட்டும் மின்சாரத்தை நிறுத்திச் சரிசெய்கிறார்கள். துணைமின் நிலையத்தில் பராமரிப்புப் பணி என்றால் முன்கூட்டியே நாளிதழில் நேரத்துடன் அறிவிப்பு வருகிறது. ஆய்வகத்திலும் இதுவே முறையாக இருக்கட்டும். சேவைகளின் மறுதொடக்கத்தைத் தானியங்கியிடம் விடலாம், வினாடி வினாவை நடத்தும் சேவை நீங்கலாக. முழுக் கணினியின் மறுதொடக்கத்தை, கால அட்டவணை அறிந்த நாம் நேரம் குறித்துச் செய்ய வேண்டும். உபுண்டுவின் இயல்பான அமைப்பும் இப்படித்தான்: பாதுகாப்புத் திருத்தங்களைத் தானே நிறுவும், நாம் சொல்லாமல் கணினியை மறுதொடக்கம் செய்யாது, 'மறுதொடக்கம் தேவை' என்ற குறிப்பை மட்டும் வைக்கும்.

ஆனால் அந்தக் குறிப்பை யாரும் பார்க்காவிட்டால் திருத்தம் வந்தும் பயனில்லை. ஆகவே மூன்று பழக்கங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, விண்டோஸ் அமைப்புகளில் 'ஆக்டிவ் ஹவர்ஸ்' பகுதியில் பள்ளி நேரத்தைக் குறித்துவிடுங்கள். அந்த நேரத்தில் கணினி தானாக மறுதொடக்கம் ஆவதை அது தவிர்க்கும்.

இரண்டாவது, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை முடிந்ததும் எல்லாக் கணினிகளுக்கும் 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். "தினமும் ஷட் டவுன் செய்கிறோமே" என்பீர்கள். விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கினால், ஷட் டவுன் செய்யும்போது கெர்னலின் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அதுவே திரும்ப ஏறும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் புதிதாகத் தொடங்கும். திரையில் உள்நுழைவுப் பக்கம் வந்த பிறகே ஷட் டவுன் செய்து, மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும்.

மூன்றாவது, தேர்வோ வினாடி வினாவோ இருந்தால் முதல்நாளே இதை முடித்து, ஆய்வகப் பதிவேட்டில் தேதியுடன் எழுதி வையுங்கள்.

இப்போது எங்கள் ஆய்வகத்தில் வெள்ளிக்கிழமை 'ரீஸ்டார்ட்' கொடுப்பது மாணவர்களின் பொறுப்பு. பதிவேட்டில் எழுதுவது அன்று அழுத அதே மாணவி.