வண்டி யார் பேரில்? அபராதம் யார் தலையில்?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். எப்பவும் முதல் ஆளாகத் தவணை கட்டுகிற ஒரு அக்கா அன்றைக்குக் கட்டவில்லை. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோது செல்போனைக் காட்டினார். மூன்று மெசேஜ். ஒவ்வொன்றும் 1,000 ரூபாய் அபராதம். பால் ஊற்றுவதற்காகக் குழுக் கடனில் வாங்கிய ஸ்கூட்டர் அவர் பேரில் இருக்கிறது. ஓட்டுவது மகன். “நான் வண்டியே ஓட்டலையே, எனக்கு எப்படிம்மா வந்துச்சு?” என்று கேட்டார். நம்மில் பலருக்கு வரக்கூடிய கேள்விதான் இது.

முன்பெல்லாம் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினால்தான் அபராதம். இப்போது நகரங்களிலும் மெயின் ரோடுகளிலும் பல இடங்களில் கேமரா வைத்திருக்கிறார்கள். வேகமாகப் போவது, சிக்னலை மீறுவது, ஹெல்மெட் போடாதது, மூன்று பேராகப் போவது என்று படம் எடுத்து, நம்பர் பிளேட்டையும் தானே படித்துக்கொள்ளும். ஆர்.சி. புக்கில் யார் பேர் இருக்கிறதோ அவருக்கு அபராதச் சீட்டு வரும். கேமராவுக்கு மகனையும் தெரியாது, அம்மாவையும் தெரியாது. வண்டி நம்பர் மட்டும்தான் தெரியும்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் வந்த திருத்தம்தான் இதற்கு வழி செய்தது. ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000 ரூபாய். இரு சக்கர வண்டியில் மூன்று பேர் போனால் 1,000 ரூபாய். 18 வயது ஆகாத பிள்ளை ஓட்டினால் பெற்றோர் அல்லது வண்டிச் சொந்தக்காரருக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 வருடம் வரை ஜெயிலும் உண்டு. பக்கத்து மாநிலமான கேரளாவில் 726 கேமராக்கள் வைத்து, 2023 ஜூன் 5 முதல் அபராதம் போடத் தொடங்கினார்கள்.

“கேமராவை வச்சு காசு புடுங்குறாங்க. பஸ் இல்லாத ஊர்ல மூணு பேர் போகாம எப்படிப் போறது?” என்று அங்கிருந்த இன்னொருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பஸ் கேட்டு மனு கொடுக்க வேண்டியது நம் வேலை. ஆனால் இன்னொரு கணக்கையும் பாருங்கள். 2022-ல் இந்தியாவில் ஹெல்மெட் போடாமல் விபத்தில் இறந்தவர்கள் 50,029 பேர். இதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். நம்ம வீடுகளில் பின்னால் உட்காருவது யார்? நாமதானே!

அந்த அக்காவுக்கு வந்த படங்களை இ-சேவை மையத்தில் எடுத்துப் பார்த்தோம். ஒரு படத்தில் பின் சீட்டில் தலையில் முந்தானையோடு இருந்தது அவரேதான். “அங்க கேமரா இருக்குன்னு தெரிஞ்சிருந்தா போட்டிருப்போம்” என்றார். கேமரா இல்லாத ரோட்டில் விழுந்தால் தலை உடையாதா அக்கா என்று கேட்டோம். கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சகோதரிகளே, நாம் செய்ய வேண்டியவை:

1. உங்கள் பேரில் உள்ள வண்டியை யார் ஓட்டுகிறார், லைசென்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்.சி.யில் உங்கள் செல் நம்பர் இருக்கட்டும். வண்டியை விற்றால் உடனே பேர் மாற்றுங்கள்.

2. அபராத மெசேஜ் வந்தால் அதில் உள்ள லிங்க்கைத் தொடாதீர்கள். இப்படிப் பொய் மெசேஜ் அனுப்பிப் பணம் திருடுகிறார்கள். அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். படத்தில் இருப்பது உங்கள் வண்டி இல்லையென்றால் ஆட்சேபணை தெரிவிக்க உரிமை உண்டு.

3. வண்டிக்குக் கடன் கேட்டால், ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள இரண்டு ஹெல்மெட்டும் சேர்த்துத்தான் என்று தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

4. விபத்து நடக்கிற வளைவு, பள்ளிக்கூட முனை எது என்று நமக்குத் தெரியும். அங்கே வேகத்தடையும் விளக்கும் கேமராவும் வேண்டும் என்று கிராம சபையில் கேளுங்கள்.

அந்த அக்கா இந்த மாதம் இரண்டு தவணையும் சேர்த்துக் கட்டிவிட்டார். கட்டிய பணம் திரும்ப வராது, ஆனால் மறுபடி சம்பாதித்துக்கொள்ளலாம். போன உயிரை எந்தக் குழுக் கடனாலும் மீட்க முடியாது. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஹெல்மெட் எங்கே கிடக்கிறது என்று தேடுங்கள்.